உலகம் வெப்பமடைகின்றது, யாழ்ப்பாணம் குளிர்வது ஏன்?

மார்கழி மாதத்து வைகறையிலே கிணற்றடிக்குச் செல்லும் எவரும் வாடைக்காற்றின் வன்மையை நன்கறிவர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, “உலகம் சூடாகின்றது என்கின்றார்களே, அவ்வாறாயின் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?” என வினவுவோர் நம்மிற் பலர். கனடாவில் வாழும் உறவினரும் தம் வாசலிற் பனி குவியுந்தோறும் இதே வினாவை எழுப்புகின்றனர். வேடிக்கையாகக் கேட்கப்படினும் இது விடை பெறத்தக்க வினாவேயாம். பிழையான விடையைக் கொள்வோர், வரும் இடருக்கு ஆயத்தஞ் செய்யாது விடுவர்.

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ‘மாண்டஸ்’ என்னும் சூறாவளி வங்காள விரிகுடாவில் உருவாகி, நமக்குக் கிழக்கே கடலிற் சென்று, 9 ஆந் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. அந்நாட்களில் நமது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. கொடிய நோயெதுவும் பரவிவிட்டதோ என முதலில் மக்கள் அஞ்சினர். குளிரின் தாக்கமே காரணம் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது.

அக்குளிர் வந்த வழியைச் சிறிது ஆராய்வோம். பூமியின் வட பாதியிலே சூறாவளிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழலும். ஆகவே, சுழலின் மேற்குப் பக்கத்தில் அகப்பட்ட நமக்கு வடக்கிலிருந்தே காற்று வீசிற்று. இந்தியப் பெருநிலத்தின் மேற் கிடந்த குளிர்ந்த காற்றை அச்சுழல் நம்மீது இழுத்து வந்தது. அக்காற்றோடு தூசும் புகையும் சேர்ந்து வந்தமையால் வளி மாசடைந்து, 9 ஆந் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. முகில் சூரியனை மறைத்தது. மழை நிலத்தை நனைத்தது. பகலிலும் வெப்பம் ஏறவில்லை.

எனினும், நீர் உறையும் நிலைக்கு நமது வெப்பநிலை அருகிலும் வரவில்லை. பின்னர் கால்நடைகள் மாண்டதெவ்வாறு? உலர்ந்த உரோமம் தன்னிடையே காற்றைத் தடுத்து வைத்து உடற்சூட்டைக் காக்கும். நனைந்த உரோமம் அவ்வாறு காவாது. ஈர உடலிற் காற்று வீசுமாயின், நீர் ஆவியாகுந்தோறும் உடற்சூட்டையுங் கொண்டுசெல்லும். வெயிலுக்குப் பழகியவையும் போதிய தீனியின்றி மெலிந்தவையுமான விலங்குகள், கூரையற்ற பட்டிகளில் இரவு முழுவதும் நின்றால் எங்ஙனம் தாங்கும்? ஒரு மாட்டின் பாலை நம்பிக் குடும்பம் நடத்துவோருக்கு அவ்விரவு பேரிழப்பாயிற்று.

இனி, உலகத்தின் கணக்கைப் பார்ப்போம். நமது மாடுகள் நடுங்கிய அதே 2022 ஆம் ஆண்டில், 1850 முதல் 1900 வரையான காலத்துச் சராசரியிலும் பார்க்க உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.15 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தது. 2024 இல் அது ஏறக்குறைய 1.55 பாகையாயிற்று. 1958 இல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையிற் காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கியபோது, வளியின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்றோ 420 ஐத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைப்பது இவ்வாயுவின் இயல்பு.

இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. குடாநாட்டின் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீற்றர். பூமியின் பரப்போ 51 கோடி சதுர கிலோமீற்றர். ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கில் நாலு நாள் வீசிய காற்றைக் கொண்டு முழு உலகத்துக்கும் தீர்ப்புக் கூறலாமா? தோட்டக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். ஒருநாட் பெருமழைக்கு நீர் மேலே வரும். இறைத்தவுடன் கீழே போகும். ஊரின் நிலத்தடி நீர் வற்றுகின்றதா என்பதை அறியப் பல்லாண்டு அளவுகளை ஒப்பிடுதல் வேண்டும். அன்றாட ஏற்றவிறக்கம் போன்றது வானிலை. நெடுங்காலப் போக்குப் போன்றது காலநிலை. உலகம் வெப்பமடையக் குளிர்நாட்கள் அருகும். ஆயினும் அடியோடு ஒழிந்துவிடா.

2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வடதுருவத்தைச் சூழ்ந்திருக்கும் குளிர்க்காற்று, தன் எல்லை குலைந்து தெற்கே இறங்கியமையே அதற்குக் காரணம். துருவப் பகுதி விரைந்து வெப்பமடைதலால் இத்தகைய குலைவுகள் பெருகுமா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

ஆகவே, ஒரு குளிரைக் கண்டு வெப்பமாதல் பொய்யென்பதும் தவறு. ஒவ்வொரு புயலையும் அதன் தலையிலேயே சுமத்துவதும் தவறு. ஒன்று மாத்திரம் திண்ணம்: வெப்பநிலை ஒரு பாகை உயர, காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு வீதம் கூடுதலான நீராவியைக் கொள்ளும். ஆதலின் வருங்காலப் புயல்கள் மிகுந்த மழையைக் கொட்டக்கூடும். அம்மழையோடு வாடையுஞ் சேர்ந்தடிக்கும் இரவுகளும் வரும்.

அவ்விரவுகளுக்கு நாம் செய்யத்தக்கவை அரியனவல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைக் கேட்டவுடன் கால்நடைகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டு செல்லலாம். கொட்டிலின் வாடைப் பக்கத்தைக் கிடுகினாலோ பனையோலையினாலோ மறைக்கலாம். தரையில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பலாம். கன்றுகளைச் சாக்கினாற் போர்த்தலாம். மாணவர்கள் நாடோறும் வெப்பநிலையையும் மழையையும் குறித்து வைப்பாராயின், பத்தாண்டில் அக்குறிப்பேடு அவர்களுக்குச் சிறந்த ஆசிரியனாகும். உலகம் சூடாகின்றதென்று கொட்டிலின் கூரையை வேயாது விடுவதும், இன்று குளிர்கின்றதென்று உலகத்தின் சூட்டை மறப்பதும் ஒரே வகைப் பேதைமையாம்.