‘கடைசிப் பாடம்’ சொல்லாமல் விட்டது

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமான ‘ஃபிளமிங்கோ’வில் முதல் உரைநடைப் பாடம் ‘தி லாஸ்ட் லெசன்’. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் சின்னஞ்சிறு கதை. 1873-இல் ஒரு கதைத் தொகுப்பில் வந்தது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சேஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனி வசம் போகின்றன. இனிப் பள்ளியில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. ஹாமெல் வாத்தியார் கடைசி முறையாகப் பிரெஞ்சுப் பாடம் எடுக்க, ஃபிரான்ஸ் என்ற சிறுவன் அதைச் சொல்கிறான். மதுரை வகுப்பறைகளில் இதற்குக் கைவசம் ஒரு விடை உண்டு: தாய்மொழியைப் பறித்தால் அடையாளமே போய்விடும். 1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிந்த ஊர் இது. அந்த விடை இங்கே உடனே ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனாலும் கதைக்கு அது பாதி விடைதான்.

அல்சேஸ் மக்களில் பெரும்பாலோரின் வீட்டுமொழி அப்போது பிரெஞ்சு இல்லை; ஜெர்மானிய மொழியினத்தைச் சேர்ந்த அல்சேஸ் வட்டாரமொழி. பிரெஞ்சு, பள்ளிக்கூடமும் அரசும் கொண்டுவந்த மொழி. இதற்கான தடயம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. ‘பிரெஞ்சுக்காரர் என்கிறீர்கள், உங்கள் மொழியைப் பேசவும் வராது, எழுதவும் வராதா?’ என்று ஜெர்மானியர் கேலி செய்வார்களே என ஹாமெல் வருந்துகிறார். எழுத வராதது சரி, தாய்மொழியைப் பேசவுமா வராது? அந்த இடத்தில் நின்று யோசிக்கும் மாணவர் கதையின் அடித்தளத்தையே தொட்டுவிடுவார். இன்னொன்று, அடிமைப்பட்ட மக்கள் தம் மொழியை விடாத வரை சிறைச் சாவி அவர்கள் கையில் இருக்கும் என்று ஹாமெல் சொல்லும் கருத்து, ஃபிரெடரிக் மிஸ்த்ராலுடையது. தோதேயே அடிக்குறிப்பில் அவர் பெயரைத் தருகிறார். மிஸ்த்ரால் வாழ்நாளெல்லாம் உழைத்தது பிரெஞ்சுக்காக அல்ல. பிரெஞ்சின் நிழலில் வாடிய புரொவென்சால் மொழிக்காக. அவர் வார்த்தையை எடுத்துப் பிரெஞ்சுக்கே வாதாட வைத்தது தோதேயின் சாமர்த்தியம்.

வீட்டுமொழி ஒன்று, பள்ளிமொழி வேறு என்பதைப் புரிந்துகொள்ள மதுரைப் பிள்ளைகளுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசல் தாண்டினால் தமிழும் புழங்குகின்றன. சௌராஷ்டிரச் சமூகத்தில் பிறந்த பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பைத்தான் ஊரே மெச்சியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும் அடுப்படியில் வாழ்கின்றன. சௌராஷ்டிர எழுத்துக்கு 2008-இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில்தான் அந்த மொழிக்கு இடமில்லை. சிறுபான்மை மொழியினர் தம் மொழியை எப்படிக் காப்பது என்று பாடப் புத்தகமும் கேட்கிறது. உதாரணமாக அது சொல்வது மும்பைத் தமிழரையும் பெங்களூருப் பஞ்சாபியரையும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சௌராஷ்டிரப் பிள்ளை அதன் கண்ணில் படவில்லை.

கதையை வரலாறாக வாசிக்கலாமா என்று கேட்கலாம். கதைசொல்லி ஒரு சிறுவன். வீட்டில் என்ன பேசினார்கள் என்பதை அவன் சொல்லாமல் விடுவதும் எழுத்தாளரின் தேர்வே. அதைக் கவனிப்பதுதான் இலக்கிய வாசிப்பு. பொதுத்தேர்வு நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ‘மொழிவெறி’ பற்றிப் புத்தகமே கேள்வி கேட்கிறது. கதைக்குள்ளிருந்தே சான்று காட்டும் விடை, மனப்பாட விடையை விடக் கனமானது. மூன்றாவது ஆட்சேபம் கனமானது: இப்படி வாசித்தால் மொழித்திணிப்பை எதிர்த்த தமிழ்நாட்டு வரலாறு வலுவிழக்காதா? இழக்காது. பெர்லின் உத்தரவு திணிப்புதான். ஹாமெல் எடுத்த பாடத்தின் அடியிலும் பழைய திணிப்பு ஒன்று உறைந்திருக்கிறது. இரண்டையும் பார்க்கத் தெரிந்தவரே திணிப்பை எதிர்க்க முழுத் தகுதி பெறுகிறார். வீட்டில் வேறு மொழி பேசியபடியே தமிழைத் தன் மொழியாக வரித்துக்கொண்டோர் நிறைந்த ஊரில், தாய்மொழி ஒன்றே அடையாளம் என்று எழுதவைப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை எடுக்கும் நாளில், புத்தகத்தின் அந்தக் கேள்வியில் மும்பையை அடித்துவிட்டு மதுரை என்று எழுதிக் கேளுங்கள்.