மிக்கி மவுஸ் பஞ்சாங்கம்

2026 ஏப்ரல் 1 நெருங்க நெருங்க, ஆசிரியர் குழுவுக்கு வரும் அஞ்சலில் ஒரே கேள்வி பல உருவங்களில் வந்து விழுகிறது. ஆகஸ்டில் புளோரிடாவின் ஓர்லாண்டோவுக்குப் போக நவம்பரிலேயே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிரிட்டனின் விமானப் பயணி வரி கூடுகிறதாமே, மிச்சத்தை விமான நிலையத்தில் கட்டச் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். வரி விகிதத்தை முடிவுசெய்வது விமானம் கிளம்பும் நாள், டிக்கெட் எடுத்த நாளைப் பொறுத்து அது மாறாது. 2026 ஏப்ரலுக்கான விகிதம் 2024 அக்டோபர் பட்ஜெட்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டதால், விமான நிறுவனங்களுக்குக் கணக்கைத் திருத்திக்கொள்ள நிறைய அவகாசம் இருந்தது. உங்கள் டிக்கெட்டின் வரிப் பட்டியலில் ‘ஜிபி’ என்ற குறியீட்டுக்கு நேரே பெரியவர் ஒருவருக்கு 102 பவுண்டு என்றிருந்தால் விஷயம் முடிந்தது. 90 என்றிருந்தால் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இந்த உயர்வை அறிவித்த விதம் ரசிக்கத்தக்கது. குறுந்தூர எகானமி டிக்கெட்டுக்கு 2 பவுண்டுக்கு மேல் ஏறாது என்றார். பொய்யில்லை. பாரிசுக்கு 13 பவுண்டாக இருந்தது 15 ஆகிறது. புளோரிடாவுக்கு 90 பவுண்டு 102 ஆவது அந்த வாக்கியத்தில் இல்லை.

16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு எகானமியில் இந்த வரி கிடையாது. எகானமியில் மட்டும். ஒன்பது மணி நேரப் பயணமாயிற்றே, கொஞ்சம் கால் நீட்டலாம் என்று பிரீமியம் எகானமிக்கு மாறினால் வரி 244 பவுண்டாகிவிடும், பிள்ளைகளின் விலக்கும் கூடவே போய்விடும். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 204 பவுண்டாக இருந்த வரி 976 பவுண்டு. நாலு பேர் முழங்காலுக்கு அரசு வாங்குவது இவ்வளவு. இருக்கைக்கு நிறுவனம் வாங்குவது தனி. தூரத்தை லண்டனிலிருந்து அந்தந்த நாட்டுத் தலைநகர் வரை அளக்கிறார்கள். ஓர்லாண்டோவுக்கு வாஷிங்டன் கணக்கு, சென்னைக்கு டெல்லிக் கணக்கு. இரண்டும் ஒரே பிரிவு, அதே 102.

இவ்வளவும் கேட்டு எழுதுகிறவர்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. வரி ஏறியது 12 பவுண்டு. அதே பயணத்தை ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குத் தள்ளினால் கூடுவது 12 பவுண்டா?

தேதிக்கு ஒரு விலை

2016 பிப்ரவரி வரை ஓர்லாண்டோவின் டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டத்தில் ஒருநாள் சீட்டுக்கு எந்த நாளானாலும் ஒரே விலை. அந்த மாதம் டிஸ்னி நாட்களை மூன்றாகப் பிரித்தது: கூட்டமில்லாத நாளுக்கு 105 டாலர், சாதாரண நாளுக்கு 110, உச்ச நாளுக்கு 124. கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரவலாக்கத்தான் இந்த ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள். 2018 அக்டோபரில் பலநாள் சீட்டுகளும் இந்தப் பஞ்சாங்கத்துக்குள் வந்தன. 2025 கிறிஸ்துமஸுக்கு உச்ச நாள் விலை 199 டாலர். 124-லிருந்து 199 என்றால் பத்தாண்டுக்குள் 60 விழுக்காடு. அதே காலத்தில் அமெரிக்கப் பொது விலைவாசி ஏறியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கூட்டம் பரவியதோ இல்லையோ, விலை நன்றாகவே பரவியிருக்கிறது.

இதையும் பாரிசில் நடப்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். புளோரிடாவில் ஒவ்வொரு தேதிக்கும் உரிய விலையை முன்கூட்டியே நாட்காட்டியில் பார்த்துவிடலாம். டிஸ்னிலேண்ட் பாரிஸ் 2024 இறுதியில் சோதனையாகத் தொடங்கியது வேறு வகை, விமான டிக்கெட் போல. அதே தேதிக்கு இன்று ஒரு விலை, வாங்குகிறவர்கள் கூடினால் அடுத்த வாரம் வேறு விலை. லெகோலேண்ட், ஆல்டன் டவர்ஸை நடத்தும் மெர்லின் நிறுவனமும் இந்தத் திசையில் போவதாக 2024-இல் சொன்னது. ‘முன்கூட்டியே பதிந்தால் மலிவு’ என்று விளம்பரம் சொல்லும். தள்ளிப் பதிந்தால் தண்டம் என்பதும் அதே வாக்கியம்தான்.

தேதியைப் பார்த்து விலை வைப்பது வியாபாரம். அதில் தப்பு காண நான் வரவில்லை. சென்னைக்கு டிசம்பர் டிக்கெட் எடுத்த யாருக்கும் இது புதிதில்லை. இங்கிலாந்துக் குடும்பத்தின் நிலைமை ஒரு விஷயத்தில் மாறுபடுகிறது: விலை கூடிய தேதியை விட்டு விலகிப்போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதைச் சட்டம் எடுத்துக்கொண்டது.

2013 வரை இங்கிலாந்தில் தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் ஆண்டுக்குப் பத்து நாள்வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதிக்கலாம். அந்த ஆண்டு விதி மாறி, ‘விதிவிலக்கான சூழ்நிலை’ இருந்தால் மட்டும் என்றானது. மலிவான டிக்கெட் விதிவிலக்கான சூழ்நிலை ஆகாது. 2015 ஏப்ரலில் ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் பள்ளி நடக்கும் காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனது வேறெங்குமில்லை, புளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குத்தான். அபராதம் 60 பவுண்டு, கட்டாததால் 120. மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன: மகள் 90 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிக்கு வந்திருக்கிறாள், போதாதா? போதாது என்றது உச்ச நீதிமன்றம், 2017 ஏப்ரலில், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக. ஒழுங்காக வருவதென்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது. விதியை மீறி ஒரு நாள் விட்டாலும் குற்றம். கடைசியில் அவர் தலையில் விழுந்த வழக்குச் செலவு 2,000 பவுண்டு.

தீர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாரம் ஒருவர் காணாமல் போனால் ஆசிரியர் என்ன செய்வார்? ஆனால் விளைவைப் பாருங்கள். இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதின்மூன்று வாரங்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வாரங்கள் எவை என்பது விமான நிறுவனத்துக்கும் ஓட்டலுக்கும் பூங்காவுக்கும் ஓராண்டுக்கு முன்பே தெரியும். வாங்குகிறவரைக் கட்டிப்போட அபராதம் உண்டு. விற்கிறவருக்கு உச்சவரம்பு ஏதும் இல்லை. 2014-இல் நாடாளுமன்றத்தில் இதைப் பேசினார்கள். பேசியதோடு சரி.

அந்த அபராதம் இப்போது விலைப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் பெற்றோர் ஒருவருக்கு, பிள்ளை ஒன்றுக்கு, 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, 28 நாளுக்குள் என்றால் 160. இரண்டு பிள்ளைகள், இரண்டு பெற்றோர்: 320. ஜூன் டிக்கெட்டோடு இதைக் கூட்டி ஆகஸ்டு டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த அஞ்சலிலேயே இருக்கிறார்கள். 2023-24 கல்வியாண்டில் பள்ளிக்கு வராததற்காக இங்கிலாந்தில் விதித்த அபராதங்கள் ஏறத்தாழ 4.87 லட்சம், பத்தில் ஒன்பது விடுமுறைப் பயணத்துக்காக. இஸ்ரேலியப் பிள்ளைக் காப்பகங்கள் சிலவற்றைப் பற்றி 2000-இல் வெளியான ஓர் ஆய்வு பொருளாதார வகுப்புகளில் இன்றும் அடிபடுகிறது: தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் வைத்ததும் தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை சங்கடப்பட்டவர்கள், காசு கொடுத்தாயிற்றே என்று நிம்மதியாக வந்தார்களாம்.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது முறை என்றால் 80 பவுண்டுச் சலுகை இல்லை, நேராக 160. மூன்றாவது முறை அபராதச் சீட்டே கிடையாது. வழக்குதான், 2,500 பவுண்டுவரை போகலாம். மூன்று ஆண்டுக்கு இரண்டு முறை வாங்கலாம் என்று அளவு வைத்தது போலத்தான் இதுவும் முடிந்திருக்கிறது.

வரிசையும் விற்பனைக்கு

விலை மிகுந்த தேதியில் போய் இறங்கியவருக்கு என்ன கிடைக்கிறது? கூட்டம். 1999-லிருந்து டிஸ்னியில் ஃபாஸ்ட்பாஸ் என்றொரு இலவச ஏற்பாடு இருந்தது. நேரம் குறித்துக்கொண்டு போனால் நீண்ட வரிசையைத் தவிர்க்கலாம். 2021 அக்டோபரில் புளோரிடாவில் அதன் இடத்துக்கு 15 டாலர் கட்டண முறை வந்தது. பிறகு அதற்கும் தேதிவாரி விலை. 2024-இல் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்றானது. அதே ஆண்டு இறுதியில் பிரீமியர் பாஸ் வந்தது: நேரம்கூடக் குறிக்க வேண்டாம், போனதும் ஏறலாம், உச்ச நாளில் ஆளுக்கு 449 டாலர்வரை. நாலு பேருக்கு 1,796 டாலர், ஒரே ஒரு நாளுக்கு, நுழைவுச் சீட்டு இல்லாமல்.

இது வெறும் கூடுதல் வசதி என்பது நிறுவனத்தின் பேச்சு. வேண்டாதவர் வாங்க வேண்டாமே என்பார்கள். ராட்டினத்தில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும். பாஸ் வைத்திருப்பவர்களை முன்னே விடும்போது, பாஸ் இல்லாத வரிசை அந்த அளவுக்கு நின்றுபோகிறது. வாங்காதவர் நிற்கும் நேரத்தை எடுத்துத்தான் வாங்கியவருக்கு விற்கிறார்கள். கூட்டம் கூடக்கூடப் பாஸின் விலையும் ஏறுகிறது. கூட்டம் கூடுவதோ பள்ளி விடுமுறையில். ஒரே தேதிக்கு விமானத்தில் ஒருமுறை, ஓட்டலில் ஒருமுறை, வரிசையில் ஒருமுறை என மும்முறை கட்டுகிறீர்கள்.

பிரிட்டனுக்கென்றே டிஸ்னி 14 நாள் சீட்டு விற்கிறதே, அது மலிவாயிற்றே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாள் கணக்கில் பார்த்தால் மலிவுதான், அமெரிக்கருக்குக் கிடைக்காத மலிவு. ஆனால் அந்தச் சீட்டு கையில் இருக்கும்வரை ஒரு நாள் பூங்காவுக்குப் போகாவிட்டால் நஷ்டம் என்று மனம் சொல்லும். போகிற ஒவ்வொரு நாளும் கார் நிறுத்தக் கட்டணம், சாப்பாடு, பாஸ். இவை எதுவும் அந்தச் சீட்டில் இல்லை.

பவுண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007 நவம்பரில் ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலருக்கு மேல் கிடைத்தது. 2025-இல் பெரும்பாலும் 1.25-லிருந்து 1.37-க்குள். அன்று போய்வந்த அக்காவின் செலவுக் கணக்கை வைத்து இன்று திட்டம் போடாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போக வாங்க வேண்டிய எஸ்டா அனுமதியின் கட்டணம்? 2025 செப்டம்பர் 30 முதல் 21 டாலராக இருந்தது 40 ஆகிவிட்டது. கைக்குழந்தைக்கும் உண்டு, அமெரிக்க அரசு தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

டப்ளின் போய் அங்கிருந்து பறந்தால் வரி மிச்சமா? அயர்லாந்தில் அந்த வரி இல்லை. ஆனால் லண்டனிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுத்து டப்ளினில் விமானம் மாறினால் 102 பவுண்டு உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையது.

பாரிசுக்கு ரயில்? விமான வரி இல்லை. டிஸ்னி வாசலுக்கே போன நேரடி யூரோஸ்டார் 2023 ஜூனோடு நின்றுவிட்டது, லீல் அல்லது பாரிசில் மாற வேண்டும்.

டூர் நிறுவனம் பதிந்த பிறகு விலையை ஏற்றலாமா? எரிபொருள், வரி, நாணய மாற்று காரணமாக என்றால் ஏற்றலாம், புறப்பட 20 நாளுக்கு முன்வரை. 8 விழுக்காட்டைத் தாண்டினால் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு விலகலாம்.

பயணம் ரத்தானால் விமான வரி திரும்புமா? பறக்காதவருக்கு வரி இல்லை, கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் அதற்கும் கட்டணம் பிடிக்கும்.

ஸ்காட்லாந்து? அங்கே இந்த அபராதச் சீட்டு முறை இல்லை, கோடை விடுமுறையும் ஜூன் இறுதியிலேயே தொடங்கிவிடும்.

இங்கிலாந்தின் பெட்ஃபர்டில் யுனிவர்சல் பூங்கா வரும்வரை காத்திருக்கலாமா? 2031 என்கிறார்கள். 28,000 வேலை என்று அரசு சொன்னது. நுழைவுச் சீட்டு விலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு? அவருக்கு எஸ்டா செல்லாது. அமெரிக்காவுக்கு 185 டாலர் விசா, அதன்மேல் 250 டாலர் சேர்க்க 2025 ஜூலையில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பாரிசுக்கு 90 யூரோ ஷெங்கன் விசா. நேர்காணல் தேதி கிடைத்த பிறகு டிக்கெட் எடுங்கள்.