சர்வர் எழவில்லையா? பதறி அழிக்க வேண்டாம்!

பாடி, கொரட்டூர் கடைகளில் பில் முதல் ஜி.எஸ்.டி. கணக்கு வரை கணிப்பொறியை நம்பியே வியாபாரம் செய்கிறோம். விண்டோஸ் சர்வர் 2012-க்கு வழக்கமான ஆதரவு 10.10.2023-ல் முடிந்துவிட்டது. புதிய பதிப்பை நிறுவியதும் சில கணிப்பொறிகள் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றுவிடும். உடனே ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள். வேறு பகுதியில் வைத்த கணக்கு அப்படியே இருக்கக்கூடும்.

காரணம் என்ன? பழைய பயாஸ், எம்.பி.ஆர். டிஸ்க்கின் முதல் பகுதியைப் படித்துத் தொடங்கும். யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறியோ தனிச் சிறு பகுதியிலுள்ள தொடக்கக் கோப்பைத் தேடும். விண்டோஸுக்கு டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்க வேண்டும். 'லெகசி' முறையில் நிறுவினால் அந்தக் கோப்பு அமையாது.

செய்ய வேண்டியவை:

1. பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

2. எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் உள்ளதா பாருங்கள்.

3. அந்தப் பெயரே இல்லையெனில், லெகசி வசதி இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். எழுந்ததும் முதல் வேலை கணக்கை நகலெடுப்பது. பிறகு யு.இ.எஃப்.ஐ. முறையில் மறுபடி நிறுவச் சொல்லலாம்.

அடுத்த முறை நிறுவ ஆள் வருமுன்பே கணக்கின் நகலை வெளி டிஸ்க்கில் எடுத்துக் கல்லாவில் பூட்டிவிடுவோம். சரக்கு போனால் வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் கேட்பது?