கோடைக்கு ஒரு தண்ணிய தக்காளிச் சாறு



மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியிலே பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் செழித்த நிழல் தோட்டங்கள் அலுவிகாரையைத் தாண்டியபின் சிறிது சிறிதாகக் குறைகின்றன. நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து தம்புள்ளையை அணுகும்போது மலைக்குளிர்ச்சி முற்றாக நீங்கிவிடுகிறது. ஆடி ஆவணி மாதங்களில், மலையைக் கடந்து ஈரம் இழந்த தென்மேல் காற்று அனலாக வந்து முகத்தில் மோதுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேறு நாடுகள் இருப்பதுபோலத் தோன்றும்.

அந்த வெப்ப நிலத்திலேதான் பெரிய வெங்காயமும் மிளகாயும் தக்காளியும் விளைகின்றன. அவற்றை வாங்கவும் விற்கவும் நாட்டின் பல திசைகளிலிருந்தும் பார ஊர்திகள் வந்து கூடும் இடம், 1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். அங்கே தக்காளியின் கதை இன்பமும் துன்பமும் கலந்தது. மழை கெடுத்த காலத்தில் ஒரு கிலோவைத் தொட முடியாத விலை. எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே பழுக்கும் காலத்திலோ, பறித்த கூலிக்கும் ஏற்றிய கூலிக்கும் போதாத விலை. வெங்காயத்தைக் காயவைத்துச் சேமிக்கலாம், மிளகாயை வற்றலாக்கலாம். தக்காளி காத்திருக்காது. விற்காத பழம் வரம்போரத்தில் கொட்டப்பட்டு அழுகுகிறது. அல்லது மாட்டுக்கு உணவாகிறது. ஒரு குடும்பம் மூன்று நான்கு மாதம் நீர் இறைத்து வளர்த்த பொருள் அது.

இத்தகைய காலத்தில், தக்காளி மலிந்து கிடக்கும்போதும் வெயில் கொளுத்தும்போதும், நம் இல்லங்களில் அதனை எப்படிப் பயன்படுத்துகிறோம்? குழம்பில் இரண்டு, சம்பலில் ஒன்று, இரசத்தில் மூன்று, அவ்வளவே. ஒரே வேளையில் ஒரு கிலோ தக்காளியை, அடுப்பு மூட்டாமல், சுவைபட உண்ணும் வழி ஒன்று உண்டு. அது ஸ்பெயின் தேசத்து உழைப்பாளர் கண்ட வழி. அதன் பெயர் கஸ்பாச்சோ. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர். அங்குள்ள செவில்யா, கோர்தபா முதலிய நகரங்களில் கோடையின் வெப்பம் 40 பாகை செல்சியஸையும் தாண்டும். அத்தகைய வெயிலில் வயலிலும் ஒலிவத் தோப்பிலும் வேலை செய்த கூலியாட்கள் நண்பகலில் என்ன உண்டார்கள்? முதல் நாள் மீந்து உலர்ந்துபோன பாணை நீரில் நனைத்தார்கள். பூண்டையும் உப்பையும் சேர்த்து மரக்கிண்ணத்திலே இடித்தார்கள். ஒலிவ எண்ணெயும் வினாகிரியும் விட்டுக் கரைத்துக் குடித்தார்கள். இதுவே பழைய கஸ்பாச்சோ. அதில் தக்காளி இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டிலேதான் அது ஸ்பெயினுக்கு வந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் சென்றே இந்த உணவிலே இடம்பெற்றது. 1824ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி ராண்டால்ஃப் என்னும் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில், தக்காளியும் வெள்ளரிக்காயும் சேர்ந்த கஸ்பாச்சோ காணப்படுகிறது.

இதைக் கேட்கும்போது நேயர்களுக்கு வேறோர் உணவு நினைவுக்கு வரவில்லையா? இரவில் மீந்த சோற்றிலே நீரை ஊற்றி வைத்து, காலையில் உப்பிட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கடித்துக்கொண்டு குடிக்கும் பழஞ்சோறு அன்றோ அது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் முன்னோர்கள் அறிந்த உணவும் அதுவே. மீந்த தானியம், நீர், உப்பு, புளிப்பு, ஒரு காரம். வெயிலில் உடல் உழைப்போர் இழப்பது நீரும் உப்பும். அவற்றைத் திரும்பக் கொடுப்பதும், வீட்டில் எதையும் வீணாக்காமல் இருப்பதும் இரண்டு உணவுக்கும் பொதுவான அறிவு. ஆகவே கஸ்பாச்சோ என்ற பெயரைக் கேட்டு, இது ஏதோ பெரிய விருந்து விடுதிகளின் பண்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிறப்பால் அது நம் பழஞ்சோற்றின் உறவினர்.

இன்னொன்றும் சொல்லலாம். இதற்கு வேண்டிய இரண்டு பொருள்களின் பெயர்கள், ஸ்பெயினின் அயல்நாடான போர்த்துக்கலின் மொழியிலிருந்து வந்து நம் நாவிலே முன்னரே குடியேறிவிட்டன. பாண் என்பதும் போர்த்துக்கேயச் சொல்; வினாகிரி என்பதும் போர்த்துக்கேயச் சொல்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்கு வேண்டிய அளவு இது. நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ. நேற்றைய பாண் ஏறத்தாழ 100 கிராம். அதன் ஓரத்தை நீக்கிவிடுக. நடுத்தர அளவான வெள்ளரிக்காய் 1. கறிமிளகாய் 1. பூண்டு 2 பல். எண்ணெய் 3 மேசைக்கரண்டி. தென்னை வினாகிரி 2 மேசைக்கரண்டி. உப்பு 1 தேக்கரண்டி. கொதித்து ஆறிய நீர் 1 குவளை.

தக்காளியைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும். காயாகச் சிவந்த பழம் இதற்கு உதவாது. சந்தையில் பிறர் ஒதுக்கும் மென்மையான, முற்றும் பழுத்த பழமே இதற்கு ஏற்றது. அதன் விலையும் குறைவு. ஆனால் மென்மை வேறு, அழுகல் வேறு. பூஞ்சை பிடித்ததையும், நீர் கசிந்து புளித்த வாடை வீசுவதையும் தயங்காமல் எறிந்துவிடுக. வெட்டி நீக்கினால் போதும் என்று எண்ணலாகாது. பாணுக்கும் அதே விதிதான். உலர்ந்த பாண் நல்லது; பூஞ்சை பூத்த பாண் நஞ்சு.

தக்காளியை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் குறுக்கே இரண்டாக வெட்டுக. வெட்டிய பக்கத்தைக் கரட் சுரண்டும் துருவியிலே வைத்துத் தேய்த்தால் சதை முழுவதும் கிண்ணத்தில் விழும். தோல் கையிலே நின்றுவிடும். தோலுரிப்பதற்கென்று வெந்நீர் வைக்கும் வேலை இல்லை. வெள்ளரிக்காயின் தோலையும், கறிமிளகாயின் விதையையும் நீக்கிச் சிறு துண்டுகளாக்குக. கசக்கும் வெள்ளரிக்காய் ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நுனியை முதலில் சுவைத்துப் பார்ப்பது நலம்.

பாணைக் கொதித்து ஆறிய நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுக. அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ முதலில் பூண்டையும் உப்பையும் சேர்த்து மைபோல் அரைக்க வேண்டும். பிறகு பாணைச் சேர்த்து அரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாணின் மாச்சத்து எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எண்ணெயைக் கடைசியில் ஒரேயடியாக ஊற்றினால் அது மேலே மிதந்து நாவில் ஒட்டும். அடுத்துக் காய்களை அரைத்து, தக்காளிச் சதையையும் வினாகிரியையும் கலந்து, தேவைக்கேற்ப நீர் விட்டு வடிகட்டியிலே தேய்த்து எடுக்க, செம்மஞ்சள் நிறமான சாறு கிடைக்கும். மின்சார அரைப்பான் உள்ளவர்கள் ஐந்து நிமிடத்தில் இதே வரிசையில் முடித்துவிடலாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். ஒலிவ எண்ணெய் நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாத விலை. அதற்கு ஈடாகத் தேங்காயெண்ணெயை எடுத்தேன், முதல் தடவை செய்தபோது. சாறு குளிர்ந்ததும் அதன்மேல் வெண்ணிற மெழுகுத் துகள்கள் படிந்துவிட்டன. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை அடுக்களையிலே நாள்தோறும் கண்டிருந்தும், அப்போது நினைவுக்கு வரவில்லை! நல்லெண்ணெய் அவ்வாறு உறைவதில்லை. அதன் மணம் சற்று மேலோங்குமாதலால் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நன்று. வினாகிரி இல்லாத வீட்டில் எலுமிச்சம்பழச் சாறு போதும்.

இனிக் குளிரச் செய்தல். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இரண்டு மணி நேரம் வைத்து எடுக்கலாம். ஆனால் அரைக்குமுன் முழுத் தக்காளியை அதற்குள் வைக்க வேண்டாம். கடுங்குளிரில் பழத்தின் மணம் குன்றிவிடும். பெட்டி இல்லாத வீட்டில் புதிய மண்பானையில் நீர் நிரப்பி, சாறு உள்ள மூடிய பாத்திரத்தை அதனுள் இறக்கி, பானையை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லுவதால் பானை குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. ஆடி மாதத்துத் தம்புள்ளைக் காற்று இதற்கு மிகவும் உதவும். மாத்தளை நகரின் ஈரமான காற்றில் பயன் குறையும். சாறு குளிர்ந்தபின் மீண்டும் உப்புப் பார்க்க வேண்டும். குளிர்ந்த உணவில் சுவை அடங்கித் தோன்றும்.

இதுவரை இன்பமான பகுதி. இப்போது சொல்லப்போவதை, குறிப்பாகத் தாய்மார்கள், ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன்.

நம் சமையலில் நெருப்பு சுவைக்காக மட்டும் இல்லை; அது ஒரு காவலாளியும் ஆகும். கொதிக்கும் இரசத்திலே கிருமிகள் மாண்டுவிடும். அடுப்பில் ஏறாத உணவில் அந்தக் காவலாளி இல்லை. ஆகையால் அவன் வேலையை நாம் செய்ய வேண்டும். சாற்றில் சேரும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். காலைத் தேநீருக்கு நீர் வைக்கும்போதே இதற்கும் சேர்த்துக் கொதிக்க வைத்துவிடலாம். கடையில் வாங்கிய பனிக்கட்டி எந்த நீரால் ஆனது என்று தெரியாதபோது அதைப் போடலாகாது. கையும் கல்லும் கத்தியும் தூய்மையாக இருக்க வேண்டும். மீன் நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காயை நறுக்குவது பெருந்தவறு. வினாகிரி சேர்த்தோம், ஆகவே எத்தனை நாளும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊறுகாய்க்கு இடும் அளவுக்கு அது இங்கே இல்லை. மண்பானையில் குளிர்ந்த சாற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது மறுநாள் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டாம். வயிற்றுப்புண் உடையோர் புளிப்பின் மிகுதியால் துன்புறலாம். உலர்வலயத்தில் சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. தக்காளியில் பொட்டாசியம் நிறைந்திருப்பதால் அந்நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இதை அருந்தக்கூடாது.

இவ்வளவு கவனத்தோடு செய்தால் கிடைக்கும் பயன் என்ன? தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீரே. வெப்பத்தில் அழியும் உயிர்ச்சத்து சி இங்கே பெருமளவு காக்கப்படுகிறது. பழத்துக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் பொருளை உடல் ஏற்றுக்கொள்ள, கூடச் சேர்ந்த எண்ணெய் துணை செய்கிறது. பாண் பசியை ஆற்றுகிறது. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்காக நாளெல்லாம் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அடுப்பு எரியாத பொழுதிலும் ஒரு குடும்பம் பசியாறக்கூடிய வழிகளுள் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது வீணாகாது. நண்பகல் வெயிலில் புகையடுப்பின் முன் நிற்கும் பெண்களுக்கு அரை மணி நேர ஓய்வு என்றாலும் அது சிறு பேறு அன்று.

ஒரு கிண்ணச் சாறு விவசாயியின் இடரைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. அதற்கு நல்ல களஞ்சியமும், பழம் நசுங்காத கூடைகளும், பதனிடும் ஆலைகளும், ஒரே காலத்தில் எல்லோரும் ஒரே பயிரை இடாத திட்டமும் வேண்டும். ஆனால் மலிந்த காலத்தில் வாங்குவோர் இல்லை என்பதே அவர்கள் முறையீடு. அரைக் கிலோவோடு நின்றுவிடும் நம் கை, அந்தக் காலத்தில் இன்னும் ஒரு கிலோவை வாங்கினால் அது நமக்கும் நன்று, அவர்களுக்கும் நன்று.

இந்தக் கோடையில் ஒரு நாள் செய்து பாருங்கள். கிண்ணத்தில் ஊற்றி, மேலே பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் தூவி, வெயிலில் நடந்து வந்தவருக்கு முதலில் கொடுங்கள். அவருக்குப் பிடித்துவிட்டால், பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.