உங்களுக்குத் தெரியுமா? பழைய வயரில் முதலில் கெடுவது செம்பு அல்ல

பழைய வீடுகளின் சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு ஓடும் வயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் மேலுறை ரப்பர். ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட ரப்பர் இறுகி, தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். உள்ளே செம்பு நன்றாகவே இருக்கும், காப்பு போயிருக்கும்.

அந்த வயர்கள் நாலு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டவை. இன்று 2,000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் எழும் வெப்பமோ நான்கு மடங்கு! அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டிவிடாதீர்கள். அந்தக் கம்பி உருகாது. சுவரில் ஓடும் வயர் உருகும்.

வயர் மாற்றும்போது எர்த் கம்பியும் இழுக்கச் சொல்லுங்கள். பழைய இரண்டு துளை பிளக் பாயின்ட்டுகளில் அது கிடையாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஃபியூஸுக்குப் பதிலாகப் பொருத்தும் எம்.சி.பி. இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்: மனித உடல் வழியே பாயும் சிறு மின்னோட்டத்தை அது கண்டுகொள்ளாது.