பியான்சேவின் லிஃப்டும் வீட்டு வாடகையும்

முதல்லயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். இன்னைக்குப் பேசப் போறது பிளாக் காமெடி பாட்காஸ்ட் பத்தி. உடனே ‘சூது கவ்வும்’ மாதிரி டார்க் காமெடின்னு நினைச்சுடாதீங்க. இது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்களுக்காக, தங்களோட பேச்சு வழக்குல நடத்துற காமெடி. அதுலயும் ஸ்டுடியோவுல உக்காந்து பதிவு பண்றது இல்ல, மேடையில லைவா நடக்குறது. மேடையில ரெண்டு நாற்காலி, ரெண்டு மைக். எதிர்ல டிக்கெட் வாங்கிட்டு வந்த கூட்டம். முதல்ல சினிமா, இசை உலகக் கிசுகிசு. அப்புறம் நேயர்கள் எழுதி அனுப்பின காதல், குடும்பப் பிரச்சினைகளுக்கு யோசனை.

யாரோ ஒரு பாடகியோட விவாகரத்தும், யாரோ ஒரு நேயரோட கண்ணீரும் எதுக்கு ஒரே மேடையில வரணும்? நான் பல வருஷமா இந்த ஷோக்களைக் கேட்கிறவன். என் பதில் இதுதான்: அந்தக் கிசுகிசு இல்லைன்னா அந்தக் கண்ணீரைப் பத்தி ஒரு கூட்டத்துல பேசவே முடியாது.

ஒரு ஷோவை எடுத்துக்குவோம். ‘தி ரீட்’. 2013ல கிட் ஃபியூரி, கிரிசல் வெஸ்ட்னு ரெண்டு நண்பர்கள் ஆரம்பிச்சது. அவர் மயாமி, இவங்க ஓக்லஹோமா. ரெண்டு பேரும் பிழைக்க வந்த ஊர் நியூயார்க். ரெண்டு பேருமே குயர். எபிசோடோட வரிசை கிட்டத்தட்ட மாறாது. சாதிச்ச ஒரு கறுப்பினத்தவருக்குப் பாராட்டு, அப்புறம் ‘ஹாட் டாப்ஸ்’னு கிசுகிசு, அப்புறம் நேயர் கடிதம், கடைசியில ரெண்டு பேரும் ஆளுக்கொரு விஷயத்தை எடுத்து ‘ரீட்’ பண்ணுவாங்க. 2019ல ஃப்யூஸ் சேனல்ல டிவி ஷோவாவும் வந்தது.

இந்த ‘ரீட்’ங்கற வார்த்தையில கொஞ்சம் நிக்கணும். வாசிக்கறதுன்னு அர்த்தம் இல்ல. நியூயார்க்கோட ஹார்லெம் பகுதியில கறுப்பின, லத்தீன் வம்சாவளி தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் வளர்த்தெடுத்த பால்ரூம் கலாச்சாரத்தோட சொல் அது. 1990ல வந்த ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படத்துல டோரியன் கோரி கண்ணாடி முன்னாடி மேக்கப் போட்டுக்கிட்டே இதை விளக்குவாங்க. எதிராளியோட ஒரு குறையைக் கண்டுபிடிச்சு, அதை ஒரே வரியில, மறுக்க முடியாதபடி சொல்றது. நாம ‘கிழிச்சுத் தொங்க விட்டுட்டான்’னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது. ஆனா கிழிக்கறதுக்குக் கோபம் மட்டும் போதும். ரீட் பண்ணணும்னா ஆளைக் கூர்ந்து கவனிச்சிருக்கணும். யோசனை சொல்றதுக்கும் அதே திறமைதான் வேணும், இல்லையா?

கிசுகிசுவும் யோசனையும் கைகோத்து நடக்கறது பாட்காஸ்ட் கண்டுபிடிச்சது இல்ல. சிகாகோ டிஃபெண்டர்னு 1905ல ஆரம்பிச்ச கறுப்பினப் பத்திரிகை. தெற்கு மாநிலங்களோட இனவெறிக்குத் தப்பி, லட்சக்கணக்கான பேர் வடக்கு நகரங்களுக்குக் கிளம்பின காலத்துல அவங்க கையில இருந்த பேப்பர். பாட்டி, அத்தை எல்லாரும் ஊர்லயே இருக்காங்க. புது நகரத்துல ஒரு பொண்ணுக்குக் காதல் பிரச்சினைன்னா யார்கிட்ட கேட்பா? 1921ல அந்தப் பத்திரிகையில பிரின்சஸ் மிஸ்டீரியான்னு ஒருத்தர் ஆலோசனைப் பத்தி எழுத ஆரம்பிச்சாங்க. அவங்க தொழில் என்ன தெரியுமா? மேடையில மனசைப் படிக்கற வித்தை காட்டறது! ஆக, மேடைக் கலைஞர் காதலுக்கு யோசனை சொல்ற வழக்கத்துக்கு நூறு வயசு ஆயிடுச்சு.

அப்புறம் ரேடியோ. ஸ்டீவ் ஹார்வியோட காலை ஷோவுல ‘ஸ்ட்ராபெரி லெட்டர்’னு ஒரு பகுதி, ஒரு கடிதம், அதுக்கு அலசல். வெண்டி வில்லியம்ஸ் டிவியில ‘ஹாட் டாபிக்ஸ்’ல கிசுகிசு பேசிட்டு, ‘ஆஸ்க் வெண்டி’ல எதிர்ல உக்காந்திருக்கவங்க பிரச்சினைக்குத் தீர்ப்பு சொல்லிட்டு இருந்தாங்க. வெண்டியோட திறமையில எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா ரேடியோ காலத்துல எந்த ராப் பாடகர் ரகசியமா ஆண்களோட பழகறார்னு ஊகிக்கறது அவங்களோட பெரிய சரக்கு. அந்த மாதிரி ஊகத்தைக் கேட்டுப் பயந்து வளர்ந்த தலைமுறைதான் இப்ப மைக்கைப் பிடிச்சிருக்கு. அதே கிசுகிசு ஷோ, ஆனா மேஜையோட எதிர்ப்பக்கத்துல இருந்து.

இப்ப லிஃப்டுக்கு வருவோம்.

2014 மே 5, மெட் காலா முடிஞ்ச ராத்திரி. நியூயார்க்ல ஒரு ஹோட்டல் லிஃப்ட். உள்ள பியான்சே, அவங்க கணவர் ஜே-ஸி, தங்கச்சி சொலாஞ்ச், ஒரு பாதுகாவலர். சொலாஞ்ச் ஜே-ஸியை அடிக்கப் பாயறாங்க, உதைக்கறாங்க. பாதுகாவலர் பிடிச்சு இழுக்கறார். பியான்சே ஓரமா நிக்கறாங்க. ஒரு வாரம் கழிச்சு டிஎம்இசட் இந்த சிசிடிவி காட்சியை வெளியிட்டுச்சு.

அந்த வீடியோவுல சத்தம் இல்ல. அதுதான் விஷயமே. யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியாது, அதனால பார்த்த ஒவ்வொருத்தரும் தன் வீட்டு வசனத்தை அதுல போட்டுக்கிட்டாங்க. ‘என் அக்காவுக்கு ஒண்ணுன்னா நானும் இப்படித்தான்’னு ஒருத்தி. ‘புருஷன் பொண்டாட்டி நடுவுல தங்கச்சிக்கு என்ன வேலை’ன்னு இன்னொருத்தர். ‘பியான்சே ஏன் அசையாம நின்னாங்க?’ன்னு ஒரு பெண் கேட்கறப்போ, அவ கேட்கறது பியான்சேவைப் பத்தி மட்டும் இல்ல. 2016ல ‘லெமனேட்’ வந்தது, துரோகத்தையும் மன்னிப்பையும் பத்தின முழு ஆல்பம். 2017ல ஜே-ஸி ‘4:44’ல மன்னிப்புக் கேட்டார், அதே வருஷம் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில தன் துரோகத்தை ஒத்துக்கிட்டார். அவங்க பிரியல. மூணு வருஷம் ஒரு சமூகமே ஒரு கேள்வியை வெச்சு விவாதிச்சது: இவ்வளவு பணம், இவ்வளவு அழகு இருக்கிற ஒரு பெண்ணே தங்கறான்னா, நான் என்ன செய்யணும்?

இப்ப கடிதம். நிஜக் கடிதம் எதையும் எடுக்கல, அந்த அச்சுல நானே ஒண்ணு எழுதிக்கறேன்:

‘எனக்கு 29 வயசு. மூணு வருஷமா என் காதலரோட ஒரே வீட்டுல இருக்கேன். வாடகை நான்தான் கட்டறேன். அவர் பீட் தயாரிக்கறார், இன்னும் எதுவும் வெளிய வரல. போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அவரோட பழைய காதலி ஃபோட்டோவுக்கு ஹார்ட் போட்டிருக்கார். கேட்டா, அந்த ஃபோட்டோவுல லைட்டிங் நல்லா இருந்துச்சாம். நான்தான் தேவையில்லாம யோசிக்கறேனா?’

இதை ஸ்டுடியோவுல வாசிச்சா ரெண்டு பேர் சிரிப்பாங்க. மேடையில வாசிச்சா நடக்கறதே வேற. ‘வாடகை நான்தான் கட்டறேன்’ல ஹால் முழுக்க ஒரு நீளமான ‘ம்ம்ம்ம்’ எழும். சிரிப்பு இல்ல அது. தெரியும்மா, நாங்களும் கட்டியிருக்கோம்னு சொல்ற சத்தம். கறுப்பினத் தேவாலயத்துல போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் குரல் கொடுக்குமே, அந்த மரபோட தொடர்ச்சி. ‘லைட்டிங்’ல கூட்டம் வெடிக்கும். மேடையில இருக்கறவங்க அவசரப்படாம காத்திருப்பாங்க. கடைசிக் கேள்விக்கு ஹால் அமைதியாயிடும்.

அந்த அமைதிதான் சோதனை. சுலபமான வழி ஒண்ணு இருக்கு: ‘விட்டுட்டு வாம்மா!’ உறுதியா கைதட்டல் கிடைக்கும், எந்த ஊர்லயும் கிடைக்கும். ஆனா எழுதின பொண்ணு அந்த ஹால்லயே, பதினோராவது வரிசையில உக்காந்திருக்கலாம். கைதட்டல் முடிஞ்சதும் அவ அதே வீட்டுக்குத்தான் போகணும். வாடகை ஒப்பந்தத்துல யார் பேர் இருக்குன்னு கைதட்டினவங்களுக்குத் தெரியாது.

நல்லா செய்யறவங்க இந்த இடத்துலதான் ‘ரீட்’ பண்ணுவாங்க. அவனை இல்ல, கடிதத்தை. அவ கேட்டது ஹார்ட்டைப் பத்தி. ஆனா முதல்ல எழுதினது வாடகையைப் பத்தி. அப்போ அவளை அரிக்கறது எது? ராத்திரி ரெண்டு மணி ஹார்ட்டா, மூணு வருஷமா ஒருத்தனைத் தோள்ல தூக்கிட்டு நடக்கற களைப்பா? ‘தி ரீட்’ல எனக்குப் பிடிச்ச விஷயமும் இதுதான். ரெண்டு பேரும் தங்களோட மன அழுத்தத்தையும், தெரபிக்குப் போறதையும் ஒளிவு மறைவில்லாம பேசுவாங்க. ‘நீ பலசாலி, தாங்கிக்குவ’ன்னு கேட்டே வளர்ந்த கறுப்பினப் பெண்கள்கிட்ட, ‘தாங்கிக்க வேண்டாம், உதவி கேளு’ன்னு ஒருத்தர் சிரிக்க வெச்சுக்கிட்டே சொன்னா, அது ‘விட்டுட்டு வா’வை விடப் பெரிய வார்த்தை.

நடுவுல ஒரு சட்டத் தகவல். கிசுகிசுல ‘சொல்லப்படுகிறது’, ‘அப்படின்னு பேச்சு’ன்னு அடிக்கடி வரும், கவனிச்சிருப்பீங்க. அமெரிக்காவுல பிரபலங்களைப் பத்தித் துணிச்சலாப் பேச முடியறதுக்கு அடித்தளம் 1964ல வந்த நியூயார்க் டைம்ஸ் - சல்லிவன் தீர்ப்பு. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவா வெளியான ஒரு விளம்பரத்தால வந்த வழக்கு அது! பொய்னு தெரிஞ்சோ, பொய்யா இருக்கலாம்னு சந்தேகப்பட்டும் கண்டுக்காமலோ சொன்னாத்தான் அவதூறு. எல்லை இல்லாம இல்ல. 2022ல கார்டி பி ஒரு யூடியூபர் மேல போட்ட வழக்குல ஜூரி கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் நஷ்டஈடு விதிச்சது.

சட்டம் பிடிக்காத எல்லை ஒண்ணு இருக்கு. 2020 ஜூலையில ராப் பாடகி மேகன் தி ஸ்டாலியனைக் காலில் சுட்டாங்க. அது செய்தியா வந்த வேகத்துலயே ஜோக்காவும் மாறிடுச்சு. மீம்ஸ், பன்ச், ‘அவ பொய் சொல்றா’ங்கற தொடர் பேச்சு. அந்த அக்டோபர்ல, கறுப்பினப் பெண்களோட பாதுகாப்பைப் பத்தி அவங்களே நியூயார்க் டைம்ஸ்ல கட்டுரை எழுத வேண்டி வந்தது. 2022 டிசம்பர்ல டோரி லேன்ஸ் குற்றவாளின்னு ஜூரி சொன்னது, அடுத்த வருஷம் 10 வருஷ சிறைத்தண்டனை. அந்த ரெண்டரை வருஷம் இந்தக் கதைக்குச் சிரிச்ச கூட்டத்துலயும், அடி வாங்கிட்டு வெளிய சொல்லாத பெண்கள் உக்காந்திருப்பாங்க. வாடகைக் கடிதத்துக்கு ‘ம்ம்ம்ம்’ சொன்ன அதே மாதிரி ஹால்தான். ‘என் கதையைச் சொன்னா இவங்க என்ன பண்ணுவாங்க’ன்னு அவங்க அளந்து பார்க்கறது அந்தச் சிரிப்பை வெச்சுத்தான். கிசுகிசு பகுதியில யாரைப் பார்த்துச் சிரிக்கறாங்களோ, அவங்க மாதிரி ஆட்கள்கிட்ட இருந்து அந்த ஷோவுக்குக் கடிதம் வராது.

கேட்டுப் பார்க்கணும்னு தோணினா, பேரெல்லாம் தெரியலையேன்னு முதல் பத்து நிமிஷத்துல நிறுத்திடாதீங்க. நேரா நேயர் கடிதத்துக்குத் தள்ளிட்டுப் போங்க. அதைக் கேட்டுட்டு, அப்புறமா கிசுகிசுக்குத் திரும்பி வாங்க. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, ஏன்னா அந்த ‘ம்ம்ம்ம்’ ஸ்பீக்கர்ல சரியா விழாது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.