ஆட்டிசமும் இரத்தப் புரதங்களும்

இரத்தத்தில் தேடுவது ஏன்?

ஆட்டிசத்தை உறுதிசெய்ய இன்றுவரை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா என நடத்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் கேட்டறிந்துமே மருத்துவர்கள் முடிவுக்கு வருகின்றனர். பயிற்சி பெற்ற வல்லுநரால் 2 வயதிலேயே இதைக் கண்டறிய முடியும் என்றாலும், அத்தகையோர் எல்லா ஊர்களிலும் இல்லாததால், பேச்சும் பழகும் திறனும் வேகமாக உருவாகும் ஆண்டுகள் பல குழந்தைகளுக்கு வீணே கழிந்துவிடுகின்றன. இக்குறையைப் போக்கவே உயிர்க்குறிப்பான், அதாவது உடலின் ஒரு நிலையை அளந்து காட்டும் மூலக்கூறு, தேடப்படுகிறது. ஆட்டிசத்துடன் தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றின் விளைவோடு சூழலின் விளைவும் சேர்ந்து புரதங்களின் அளவில் வெளிப்படலாம் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

ஒன்பது புரதங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள் 2021-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 18 மாதம் முதல் 8 வயது வரையுள்ள, ஆட்டிசம் கொண்ட 76 சிறுவர்களின் இரத்தச் சீரமும் இயல்பான வளர்ச்சியுடைய 78 சிறுவர்களின் சீரமும் ஒப்பிடப்பட்டன. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் 'ஆப்டமர்' எனும் செயற்கை டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு அளக்கப்பட்ட 1,125 புரதங்களுள், ஆட்டிசம் கொண்டவர்களிடம் 86 குறைந்தும் 52 மிகுந்தும் காணப்பட்டன. கணினி வழிமுறைகள் 9 புரதங்களை மட்டும் தேர்ந்தெடுக்க, ஆட்டிசம் உள்ளவர்களுள் சுமார் 83 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களுள் சுமார் 85 விழுக்காட்டினரையும் அத்தொகுப்பு சரியாகப் பிரித்தறிந்தது.

அந்த விழுக்காடுகளின் பொருள்

இவ்வெண்கள் நம்பிக்கை தருபவையே. ஆனால் ஆய்வில் இடம்பெற்றோரில் பாதிப்பேருக்கு ஆட்டிசம் இருந்ததை மறந்தால் அவை ஏமாற்றிவிடும். நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ள ஒரு சமூகத்தில் 1,000 குழந்தைகளைச் சோதித்தால், உண்மையில் ஆட்டிசம் உள்ள 10 பேரில் 8 பேர் பிடிபடும்போது, இல்லாத 990 பேரில் ஏறக்குறைய 150 பேருக்கும் 'உண்டு' என்றே முடிவு வரும். அக்குடும்பங்களின் பதற்றத்தை எந்த ஆய்வு அட்டவணையும் கணக்கில் கொள்வதில்லை. மேலும், சிறுமிகள் இவ்வாய்வில் இடம்பெறவில்லை. கவனக்குறைவு, அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றிலிருந்து ஆட்டிசத்தைப் பிரித்தறியும் ஆற்றலையும் இயல்பான வளர்ச்சியுடையோருடன் மட்டும் ஒப்பிட்டு நிறுவ முடியாது.

பொருத்தமான இடம்

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள வீடுகளில் அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்பதால், அத்தகைய 1,000 குழந்தைகளிடம் இதே துல்லியம் நிலைக்குமானால், 'உண்டு' எனக் காட்டப்படுவோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆட்டிசம் உண்மையாகவே இருக்கும். எனவே எல்லாக் குழந்தைகளையும் சலித்தெடுப்பதைவிட, இக்குழந்தைகளுள் யாரை முதலில் வல்லுநரிடம் அனுப்புவது என முடிவுசெய்வதற்கே புரதச் சோதனை பொருந்தும். அதற்கு முன், நடத்தையில் அறிகுறி தெரியாத கைக்குழந்தைகளின் இரத்தத்தைச் சேமித்து, அவர்களை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து ஒப்பிடும் ஆய்வுகளில் அது தேற வேண்டும்.